அலுமாரி நிறையக் கிண்ணம், லீக்கில் ஓர் அணி இல்லை

பெரியநீலாவணையில் இருந்து பொத்துவில் வரைக்குமான உதைபந்தாட்டக் கழகங்களின் தலைவர்மார், செயலாளர்மார், பொருளாளர்மார் எல்லாருக்கும்,

பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் பக்கத்துக் கழகங்களின் அண்ணன்மாரே, தம்பிமாரே, இந்த மடல் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் பத்துப் பெயர்களை வாசித்துவிடுகிறேன். புளூ ஸ்டார், ரெட் ஸ்டார், கொழும்பு எப்.சீ., ரினோன், ரட்ணம், நியூ யங்ஸ், அப் கன்ட்ரி லயன்ஸ், டிபெண்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ். நாட்டின் முதல் தொழில்முறை லீக் என்று அறிவித்து 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் விளையாடிய அணிகள் இவை. வடக்கில் இருந்து ஒன்றும் இல்லை. கிழக்கில் இருந்தும் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் 1985இல் தொடங்கிப் பல பெயர்களில் நடந்துவந்த தேசிய லீக்கை எடுத்துப் பார்த்தாலும், கிண்ணத்தைத் தூக்கிய கிழக்குக் கழகம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது.

இதைக் கேட்டதும் நம்மட தேத்தண்ணிக் கடைகளில் வரும் பதில் எல்லாருக்கும் தெரிந்தது. "கொழும்பான் நம்மளச் சேர்க்கமாட்டான்." அதில் பாதி உண்மை, மறுக்கமாட்டேன். மற்றப் பாதியைப் பேசத்தான் இதை எழுதுகிறேன். அது நம்முடைய பாதி. அதனால்தான் கொழும்புக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் பத்தைப் பிரித்துப் பாருங்கள். டிபெண்டர்ஸ் இராணுவத்துடையது, சீ ஹோக்ஸ் கடற்படையுடையது, புளூ ஈகிள்ஸ் விமானப்படையுடையது. சம்பளம், சாப்பாடு, முகாம், மைதானம் எல்லாம் அரசாங்கம் கொடுக்கும் அணிகளோடு நம்மை ஒப்பிட முடியாது, விடுங்கள். கொழும்பு எப்.சீ., ரினோன், ரட்ணம் மூன்றும் தலைநகரத்து அணிகள், அவற்றையும் விடுங்கள். மிச்சம் நாலு. களுத்துறை மாவட்டத்தில் இருந்து இரண்டு, வென்னப்புவயில் இருந்து ஒன்று, நாவலப்பிட்டியில் இருந்து ஒன்று. நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இந்த நாலைப் பற்றித்தான். வென்னப்புவ மீன்பிடியும் தென்னந்தோப்புமாக இருக்கிற கரையோர ஊர். நாவலப்பிட்டி மலையகத்து ரயில் நகரம். கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் ஏறத்தாழ ஓர் இலட்சம் சனம் இருக்கிறது. இந்த இரண்டு ஊர்களும் அதைவிடச் சின்னவை. அவர்களுக்கு முடிந்திருக்கிறது. புளூ ஸ்டார் நுழைந்ததோடு நிற்காமல் அந்த சுப்பர் லீக்கின் சம்பியனாகவும் வந்தது.

அந்தப் பருவத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஏப்ரலில் தொடங்கினார்கள். கொரோனாவின் அடுத்த அலை வந்து நிறுத்தியது. பிறகு மறுபடி தொடங்கி இழுத்து இழுத்து முடித்தார்கள். சம்பியனான புளூ ஸ்டார் 2022இல் ஏ.எப்.சீ. கிண்ணத்தின் தகுதிச் சுற்றுக்குப் போய், கத்மண்டுவில் நேபாளத்து மச்சிந்ரா அணியை 2-1 என்று வென்றது. அடுத்தது கொல்கத்தா. ஏப்ரல் 12ஆம் திகதி சோல்ட் லேக் மைதானத்தில் ஏ.டி.கே. மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றது. அந்த 5-0ஐ ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

அடுத்த ஆண்டே இரண்டாம் பருவம் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. 2022இல் நாடு பெற்றோல் வரிசையில் நின்றது. பஸ் ஓடாத நாட்டில் லீக் எப்படி ஓடும்? 2023 ஜனவரி 14ஆம் திகதி இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்துக்கு ஒரு தேர்தல் நடந்து ஜே. ஸ்ரீரங்கா தலைவரானார். ஒரே வாரத்தில், 21ஆம் திகதி, வெளியார் தலையீடு என்று சொல்லி பிபா இலங்கையைத் தடைசெய்தது. ஆகஸ்ட் கடைசியில் தடை நீங்கியது, செப்டம்பரில் ஜஸ்வர் உமர் மறுபடி தலைவராகத் தெரிவானார். இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியச் சம்பியன்ஷிப்பில் இலங்கை இல்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த நாட்டுக்கு இந்த நிலை.

நிர்வாகக் குழுவில் உள்ள ஒரு மூத்தவர் இந்த இடத்தில் குறுக்கிடுவார் என்று தெரியும். "ஒழுங்காக நடத்தத் தெரியாதவனுடைய லீக்கில் இடம் இல்லை என்று ஏன் தம்பி அழுகிறாய்?" நியாயமான கேள்விதான். ஆனால் தேசிய லீக் என்ற ஒன்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும், முறை மாறிக்கொண்டே இருக்கும், இல்லாமல் போகாது. போகவும் கூடாது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்புக்குக் கழக உரிம முறை ஒன்று இருக்கிறது. இளையோர் அணி இருக்கிறதா, மைதானம் இருக்கிறதா, தகுதிபெற்ற பயிற்றுவிப்பாளர் இருக்கிறாரா, சட்டப்படி பதிவு இருக்கிறதா, கணக்கு ஒழுங்காக இருக்கிறதா? இந்த ஐந்து விடயமும்தான் அடிப்படை. அடுத்த முறை கதவு திறக்கும்போது இந்தத் தாள்களைக் கையில் வைத்திருப்பவர்கள் உள்ளே போவார்கள். நாமோ கிண்ணங்களைக் கையில் வைத்துக்கொண்டு வெளியில் நிற்போம்.

கிண்ணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் நம்மட கரையில் உதைபந்தாட்டம் என்றால் கிண்ணம்தான்.

மர்ஹூம் இன்னாரின் ஞாபகார்த்தக் கிண்ணம். இன்ன கழகத்தின் முப்பதாவது ஆண்டு நிறைவுக் கிண்ணம். கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் கிண்ணம், தவிசாளர் கிண்ணம், பெருநாள் கிண்ணம். அணிக்கு ஏழு பேர், சில இடங்களில் ஒன்பது பேர், விலகல் முறை, மின்னொளி, ஒலிபெருக்கியில் இடைவிடாத வர்ணனை. வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கி ஞாயிறு இரவு பரிசளிப்பு. பிரதம அதிதி பிந்தி வந்தால் இறுதிப் போட்டியும் பிந்தும். சந்தாங்கேணி மைதானத்தில் ஓர் இறுதிப் போட்டிக்கு வரும் கூட்டத்தைக் கொழும்பில் பல லீக் ஆட்டங்கள் கண்டிருக்கமாட்டா. மதில் மேல் ஆள், மரத்தில் ஆள், பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் பெண்கள். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் பொடியன்மாரைக் கடற்கரைக்குத் திரும்பவும் வரவைத்ததில் இந்தச் சுற்றுப்போட்டிகளுக்கு ஒரு பங்கு உண்டு.

ஆனால் விளையாட்டாகப் பார்த்தால் இந்தக் கிண்ணங்கள் எப்படிப்பட்ட ஆட்டக்காரனை உருவாக்குகின்றன? பத்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஓர் ஆட்டம். சமநிலை என்றால் பெனால்டி. இதற்கு வேண்டியவன் ஒருவன்தான்: பந்து கிடைத்ததும் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போய்க் கோலுக்கு அடிப்பவன். அவன் நம்மிடம் நிறைய இருக்கிறான், ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எழுபதாவது நிமிடத்திலும் தன் இடத்தில் நிற்கிற பின்கள ஆட்டக்காரன் இல்லை. பந்து இல்லாத நேரம் எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்த மத்திய கள ஆட்டக்காரன் இல்லை. விலகல் முறைப் போட்டி கோல் அடிப்பவனைக் காட்டும். லீக்தான் கோல் தடுப்பவனைக் காட்டும். ஒரு பருவம் என்றால் இந்தச் சனிக்கிழமை தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை இருக்கிறது. மாற்று ஆட்டக்காரனுக்கும் முறை வரும். மஞ்சள் அட்டை சேர்ந்துகொண்டே போகும். புள்ளிப் பட்டியலில் எட்டாம் இடத்தில் இருந்து ஆறாம் இடத்துக்கு ஏறுவதற்காக ஒரு அணி உயிரைக் கொடுத்து ஆடும். அந்த ஆட்டத்துக்குப் பரிசும் இல்லை, பிரதம அதிதியும் இல்லை. அப்படி ஆடிப் பழகாதவனை எந்தப் பயிற்றுவிப்பாளரும் தேசிய அணிக்குக் கூப்பிடமாட்டார்.

கூப்பிடுவதும் இல்லை. இன்றைய தேசிய அணியைப் பாருங்கள். 2021 ஜூனில் லெபனானுக்கு எதிராக 3-2 என்று தோற்ற ஆட்டத்தில் நமக்கு இரண்டு கோலையும் அடித்த அஹமட் வசீம் ராசிக் பேர்லினில் பிறந்தவர், ஜேர்மன் கழகங்களில் வளர்ந்தவர். 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள் போன அணியிலும் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பங்கு பெரிது. அவர்கள் வரட்டும், நம்மட பிள்ளைகள்தான். ஆனால் ஒரு நாடு தன் லீக்கில் வளர்க்காததை வெளியில் இருந்து எடுத்து வருகிறது என்பதை மறந்துவிட்டுக் கைதட்ட முடியவில்லை.

கிண்ணங்களின் பணக் கணக்கையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கட்டாரில் இருக்கும் தம்பிமார் வட்ஸ்அப் குழுவில் சேர்த்து அனுப்புவது ஒரு பக்கம், ஊர் முதலாளிமார் ஒரு பக்கம், தேர்தல் வருடமாக இருந்தால் ஜேர்சியும் பந்தும் இன்னொரு பக்கம். மூன்று நாளுக்குப் பந்தல், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், கிண்ணம், ரொக்கப் பரிசு. திங்கட்கிழமை விடியும்போது மைதானத்தில் தண்ணீர்ப் போத்தல்தான் மிச்சம். ஒரு வருடத்தில் இந்தக் கரையில் இப்படிச் செலவாகும் காசை ஒரே இடத்தில் வைத்தால் என்ன செய்யலாம் என்று எந்தக் கழகப் பொருளாளராவது கூட்டிப் பார்த்ததுண்டா? கூட்டிப் பாருங்கள். நான் ஒரு தொகை சொல்லப்போவதில்லை; உங்கள் சொந்தக் கொப்பியிலேயே விடை இருக்கிறது.

ஆட்டக்காரப் பொடியனும் இதற்கு ஏற்ற மாதிரி வாழப் பழகிவிட்டான். இந்த வாரம் நிந்தவூர் அணிக்கு, அடுத்த வாரம் சம்மாந்துறை அணிக்கு, அதற்கடுத்த வாரம் காத்தான்குடிக்கு ஹயர் வேனில். கையில் கொஞ்சம் காசு, வயிறு நிறையப் புரியாணி. அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இந்த நாட்டில் பந்து உதைத்து மாதச் சம்பளம் எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் படையிலோ பொலிஸிலோ சேர வேண்டும். நம்மட வீடுகளில் இருந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு, காரணம் எல்லாருக்கும் தெரியும். மிச்சம் இருப்பது ஏ.எல்., அதற்கான டியூஷன், பிறகு விசா. இருபத்திரண்டு வயதில் தோஹாவில் லேபர் கேம்ப் மைதானத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் ஆடும் எத்தனை நல்ல இடதுகால்காரரை நீங்கள் அறிவீர்கள்?

இப்படி ஓர் ஊர் நம்மட ஊர் மட்டும்தானா என்று தேடினால் கடல் தாண்டி ஒரு சோடி கிடைக்கிறது. கேரளாவின் மலபார். மலப்புரத்துக்காரரும் நம்மைப் போலத்தான்: முஸ்லிம்கள் நிறைந்த ஊர்கள், கல்ஃப் காசு, வயல், கடல், பந்துப் பைத்தியம். அங்கே இதை செவன்ஸ் என்கிறார்கள். மழை ஓய்ந்த பிறகு அறுவடை முடிந்த வயல்களில் மூங்கிலும் பலகையும் வைத்து கேலரி கட்டி, டிக்கெட் விற்று, ஆபிரிக்காவில் இருந்துகூட ஆட்டக்காரரைச் சம்பளத்துக்குக் கொண்டுவந்து ஆடுவார்கள். 2018இல் வந்த "சுடானி ஃப்ரம் நைஜீரியா" படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அகில இந்திய உதைபந்தாட்ட சம்மேளனம் செவன்ஸை அங்கீகரிப்பதில்லை. அங்கேயும் "நம்மளச் சேர்க்கமாட்டான்" என்ற பேச்சு இருந்திருக்கும்.

அவர்கள் செவன்ஸைக் கைவிடவில்லை. அதன் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டினார்கள். பாடசாலை அணிகள், பயிற்சிக் கூடங்கள், பதினொரு பேர் ஆட்டம். கொண்டோட்டியில் இருந்து அனஸ் எடத்தொடிகா இந்திய அணியின் பின்களத்துக்குப் போனார். மலப்புரத்தில் இருந்து ஆஷிக் குருனியன் போனார். 2017இல் கோழிக்கோட்டை மையமாக வைத்து கோகுலம் கேரளா என்ற கழகம் தொடங்கியது. 2020-21இலும் 2021-22இலும் அடுத்தடுத்து ஐ-லீக்கை வென்றது. இப்போது அந்த 5-0க்கு வருகிறேன். புளூ ஸ்டார் கொல்கத்தாவில் தோற்று ஐந்து வாரத்தில், 2022 மே 18ஆம் திகதி, அதே சோல்ட் லேக் மைதானத்தில், அதே ஏ.டி.கே. மோகன் பகானை கோகுலம் 4-2 என்று அடித்தது. மலப்புரத்துப் பொடியன்மார் அந்த அணியில் இருந்தார்கள்.

அதே மாதம் இரண்டாம் திகதி மலப்புரம் மாவட்டத்தில் மஞ்சேரிப் பய்யநாட் மைதானத்தில் இந்திய மாநில அணிகளுக்கான சந்தோஷ் கிண்ண இறுதிப் போட்டி. கேரளா, மேற்கு வங்கத்தைப் பெனால்டியில் வென்றது. கடைசி நோன்பு திறந்த இரவு அது, மறுநாள் அங்கே பெருநாள். சுற்றுப்போட்டியில் கேரள அணியின் ஆட்டங்கள் நோன்புக் காலத்து இரவுகளில்தான் நடந்தன, மைதானம் நிரம்பி வழிந்தது. நோன்பில் லீக் நடத்த முடியாது என்று நம்மட கூட்டங்களில் சொல்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

கொழும்போடு பேச வேண்டிய விடயம் ஒன்றும் இருக்கிறது, அதை உரிமையோடு பேசலாம். மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேல் மழை மேற்குக் கரையை நனைக்கிறது. கொழும்பு, களுத்துறைப் பக்கத்து மைதானங்கள் சேறாகி ஆட்டங்கள் ஒத்திப்போவது புதிய செய்தியல்ல. அதே மாதங்களில் நம்மட பக்கம் மழை குறைவு. கச்சான் காற்று புழுதியைக் கிளப்பும், உண்மைதான். மூன்று மணி வெயிலில் ஆட முடியாது, அதுவும் உண்மை. நாலரைக்குத் தொடங்கினால், அல்லது நமக்குப் பழக்கமான மின்னொளியில் ஆடினால் அது பெரிய தடையல்ல. மாரி வந்தால் நிலைமை தலைகீழ்: நவம்பரில் இருந்து ஜனவரி வரைக்கும் நம்மட வயலும் மைதானமும் ஒன்றுதான், ஜனவரியில் மேற்கு ஓரளவு காய்ந்திருக்கும். ஆகவே நாடு முழுவதற்கும் ஒரு பருவகால அட்டவணை போடுகிறவன் கிழக்கில் ஓர் அணியாவது இருக்கட்டும் என்று தானே விரும்ப வேண்டும். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ தரமான ஒரு மைதானம் இருந்தால் மழைக்காலத்து ஆட்டங்களை இங்கே கொண்டுவரலாம். இதைச் சலுகை கேட்பதுபோல் கேட்க வேண்டாம், உதவி செய்வதுபோல் சொல்லலாம். இதுவரை சம்மேளனக் கூட்டங்களுக்குப் போன நம்மட பிரதிநிதிகளில் யாராவது வானிலையைப் பேசியிருந்தால் எனக்குச் சந்தோஷம். சம்மேளனத் தேர்தலில் லீக்குகளுக்கு வாக்கு உண்டு. அந்த வாக்கைக் கேட்டு வருகிறவர்களிடம் வெளிநாட்டுப் பயணமும் அணி முகாமையாளர் பதவியும் கேட்பதை விட்டுவிட்டு அட்டவணையைக் கேளுங்கள்.

தூரம் ஒரு பிரச்சினைதான், மறைக்கவில்லை. கொழும்புக்கு இரவு பஸ். ரயில் என்றால் மட்டக்களப்பு வரைக்கும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போய்த்தான் ஏற வேண்டும். பத்து அணிகள் ஊருக்கு ஊர் போய் இரண்டு சுற்று ஆடினால் வெளி மைதான ஆட்டம் ஒன்பது வரும். ஒன்பது இரவு பஸ். கொழும்பில் ஒரு ரெடிமேட் கடைக்கு உருப்படி எடுக்க மருதமுனைக்காரர் அதைவிடக் கூடுதலாகப் போய்வருகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த விடயம். இந்தக் கரைக்கு ஒரு கழகம் போதும். ஊருக்கு ஒன்று என்று பத்தை உருவாக்கினால் பத்தும் மூன்றாம் பிரிவில் கிடந்து மடியும். பெரியநீலாவணையில் இருந்து பொத்துவில் வரைக்கும் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். இதற்குள் இருக்கும் எல்லாக் கழகமும் அப்படியே இருக்கட்டும், கிண்ணமும் நடக்கட்டும். மேலே ஒன்றாக ஒரு லீக் அணி. கீழே பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு வயதுப் பிரிவு அணிகள். பாடசாலை அதிபர்மாரை நிர்வாகத்தில் சேர்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் ஓர் அணி என்ற பேச்சை இப்போதே எடுத்தால் கூட்டம் கலையும் என்று சிலர் சொல்கிறார்கள். கலைந்தாலும் பரவாயில்லை, எடுக்கத்தான் வேண்டும்.

இது கனவு என்று சொல்லமாட்டீர்கள். 2018இல் வடக்கு கிழக்குப் பிரீமியர் லீக் நடந்தபோது அம்பாறை அவெஞ்சர்ஸ் என்ற பெயரில் மாவட்டத்துக்கு ஓர் அணி இருந்ததல்லவா? அணி சேர்ப்பது நமக்குத் தெரியும். சேர்த்ததை அடுத்த வருடமும் வைத்திருக்கத்தான் தெரியாது.

தடை எங்கே வரும் என்பதை நானும் நீங்களும் அறிவோம். காசில் வராது, மைதானத்திலும் வராது. பெயரில் வரும். கல்முனை என்று வைத்தால் சாய்ந்தமருது எழும்பிப் போகும். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்று 2020இல் வர்த்தமானி வெளிவந்து சில நாட்களிலேயே நிறுத்தப்பட்ட கதை இன்னும் ஆறவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை தமிழ் அண்ணன்மாரின் மனதில் அப்படியே கிடக்கிறது. அக்கரைப்பற்றுக்காரருக்குத் தங்கள் ஊர்தான் தலைநகரம். எல்லைக் கல்லை நட்டு நட்டே நாம் ஒரு தலைமுறையைக் கழித்துவிட்டோம். ஆனால் ஹயர் வேனில் ஏறும் பொடியனுக்கு இந்த எல்லை ஒன்றும் இல்லை. பாண்டிருப்புப் பொடியனும் மருதமுனைப் பொடியனும் ஒரே அணியில் ஆடுவதை எத்தனையோ கிண்ணங்களில் பார்த்தாயிற்று. ஒரு காக்கா ரொக்கப் பரிசுக்காக அவர்களை ஒன்றாகச் சேர்த்தபோது யாரும் பிரதேச செயலகத்தைக் கேட்கவில்லை.

பெயருக்கு ஊரே வேண்டாம் என்பது என் யோசனை. புளூ ஸ்டாரில் ஊர்ப் பெயர் இருக்கிறதா? நியூ யங்ஸில் இருக்கிறதா? பெயர்ச் சண்டையை முதல் கூட்டத்தில் வைக்காமல் நாலாவது கூட்டத்துக்குத் தள்ளுங்கள். அதற்குள் ஓர் இளையோர் அணி இரண்டு ஆட்டம் ஆடியிருந்தால் பிள்ளைகளே ஒரு பெயர் சொல்வார்கள்.

அரசியல்வாதிகளைப் பற்றியும் ஒரு சொல். வேண்டாம் என்று சொல்லவில்லை, அது நம்மட ஊரில் நடக்காது. ஜேர்சி தரட்டும், வரவேற்போம். தலைவர் பதவியை மட்டும் கொடுக்க வேண்டாம். ஒரு பாராளுமன்றம் கலைந்தால் ஒரு கழகம் கலையும் நிலை நமக்கு வேண்டாம். வெளிநாட்டுத் தம்பிமாரிடம் மூன்று நாள் பந்தலுக்குக் கேட்கும் காசை மாதா மாதம் சிறு தொகையாகக் கேளுங்கள். அதற்கு மாதா மாதம் கணக்கையும் அனுப்புங்கள். அனுப்பினால் தருவார்கள். கணக்கு வராதபோதுதான் அந்த வட்ஸ்அப் குழு அமைதியாகிறது.

பயிற்றுவிப்பாளருக்கும் இப்போதே வழி பார்க்க வேண்டும். ஒவ்வொரு கழகமும் ஒருவரை ஏ.எப்.சீ. சீ தரச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்பும் செலவை ஏற்றால், இரண்டு மூன்று வருடத்தில் இந்தக் கரையில் ஒரு பயிற்றுவிப்பாளர் கூட்டமே இருக்கும். கழுத்தில் விசில் மாட்டியவர் எல்லாரும் கோச் என்ற காலம் போகட்டும். பாடசாலை விளையாட்டு ஆசிரியர்மாரில் பலர் இதற்குத் தயாராக இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை.

முதல் கூட்டத்தை எங்கே வைப்பது என்று இப்போதே சண்டை தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கல்முனையில் வைத்தால் வராதவர்கள் யார், அக்கரைப்பற்றில் வைத்தால் வராதவர்கள் யார் என்று ஒரு பட்டியல் என்னிடம் இருக்கிறது, உங்களிடமும் இருக்கும். நிந்தவூரில் வைப்போம். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் இருக்கிறது, இந்த விடயத்தில் அவர்களோடு யாருக்கும் பெரிய கோபமும் இல்லை. ஒரு சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன் முடிப்போம். தமிழ்க் கழகங்களுக்குத் தனியாக அழைப்பு அனுப்ப வேண்டும், வாய்ப்பேச்சில் விட வேண்டாம். பிரதம அதிதி கிடையாது, மாலை கிடையாது, மைக் தேவையில்லை. ஒவ்வொரு கழகத்தில் இருந்தும் செயலாளரும் பொருளாளரும் மட்டும் வந்தால் போதும், பதிவுச் சான்றிதழின் போட்டோ கொப்பியும் கடந்த வருடக் கிண்ணச் செலவுக் கணக்கும் கையில் இருக்கட்டும்.